துக்கம் கேட்டல்: இழப்புற்றோர்க்கான கிறித்தவப் பராமரிப்பில் புலம்பலின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

இறப்பு நேர்ந்த வீட்டிற்குச் செல்லும் கிறித்தவ ஊழியர் என்ன பேச வேண்டும் என்பது குறித்துத் தமிழ்ச் சபைகளில் மிகுதியாகப் பேசப்படுகிறது. எதனைக் கேட்க வேண்டும் என்பது குறித்துப் பேசப்படுவது குறைவு. இழப்புற்றோரைத் தாங்கும் கிறித்தவப் பணியின் முதற்செயல் ஆறுதல் உரைப்பது அன்று, புலம்பலுக்குச் செவிகொடுப்பதே என்னும் கருத்தினை இக்கட்டுரை விளக்குகிறது. இதற்கு விவிலியத்தின் புலம்பல் நூல், யோபு நூல், யோவான் நற்செய்தி ஆகியனவும், வீரமாமுனிவரின் தேம்பாவணியும், தமிழில் துக்கம் சார்ந்து வழங்கும் சொற்களும், இருபதாம் நூற்றாண்டின் துயர் குறித்த உளவியல் ஆய்வுகளும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: புலம்பல், கையறுநிலை, துக்கம் விசாரித்தல், தேம்பாவணி, தேற்றரவாளன், ஆற்றுப்படுத்துதல், நீடித்த துயர்.

முன்னுரை

இறப்பு நேர்ந்த வீட்டிற்குச் சென்று வருவதைத் தமிழர் 'துக்கம் விசாரித்தல்' என்பர். தென்மாவட்டங்களில் இது 'துட்டி கேட்டல்' என்றும் 'கேதம் கேட்டல்' என்றும் வழங்கும். விசாரித்தல், கேட்டல் ஆகிய இரண்டும் வினவுதலையும் செவிமடுத்தலையும் குறிக்கும் சொற்கள். துக்கம் 'சொல்லுதல்' என்றோ, துக்கம் 'விளக்குதல்' என்றோ எவ்வூரிலும் வழக்கில்லை. செல்பவர் கேட்க வேண்டும், இழந்தவர் சொல்ல வேண்டும் என்னும் முறைமை இவ்வழக்குகளுக்குள்ளேயே இருக்கிறது.

ஆயினும், கிறித்தவத் துக்க வீடுகளில் நிகழ்வது பெரும்பாலும் இதற்கு மாறானது. வந்தவர் பேசுகிறார்; இழந்தவர் கேட்கிறார். வேதபாடம் வாசிக்கப்படுகிறது, செபம் ஏறெடுக்கப்படுகிறது, சிறு பிரசங்கமும் நிகழ்கிறது. 'கர்த்தருடைய சித்தம்', 'நல்ல மலரை ஆண்டவர் பறித்துக்கொண்டார்', 'விசுவாசிகள் இப்படி அழலாமா' போன்ற தொடர்கள் அன்பினாலேயே சொல்லப்படுகின்றன. எனினும் மகனை இழந்த தாய்க்கு, அவள் அழுகையே அவளது நம்பிக்கைக் குறைவுக்குச் சான்று என்னும் பொருளை அவை தந்துவிடுகின்றன. இழப்பின் துயரோடு குற்றவுணர்வும் அவள்மேல் ஏற்றப்படுகிறது.

இவ்வாறு பேசுவோர் பெரிதும் சார்ந்து நிற்கும் விவிலியப் பகுதி, பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 4ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்றான இத்திருமுகம் கி.பி. 50ஐ ஒட்டி எழுதப்பட்டது. கிறித்துவின் வருகைக்கு முன்னரே தம்முள் சிலர் இறந்துபோனதைக் கண்டு கலங்கிய ஒரு சிறு சபைக்குப் பவுல் மறுமொழி கூறுகிறார். நம்பிக்கையற்றோர் துக்கிப்பது போல நீங்கள் துக்கிக்க வேண்டா என்பதே அவர் கூற்றின் சாரம். இதில் விலக்கப்படுவது துக்கத்தின் ஒரு வகையா, துக்கம் முழுவதுமா என்பதே வினா. 'போல' என்னும் ஒப்புமையை நீக்கிவிட்டால்தான் அது அழுகைக்கு இடப்பட்ட தடையாகும். அதே பவுல், உரோமையருக்கு எழுதும்போது, அழுவாரோடு சேர்ந்து அழுமாறு பணிக்கிறார் (12:15). அழுகையே தவறாயின் இக்கட்டளைக்குப் பொருளில்லை.

புலம்பு என்னும் சொல்

எருசலேம் நகரம் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியரால் அழிக்கப்பட்டதைப் பாடும் ஐந்து பாடல்களின் தொகுப்பு, தமிழ் விவிலியத்தில் 'புலம்பல்' என்னும் பெயரைப் பெற்றுள்ளது. எபிரேயத்தில் இந்நூல் தன் முதற்சொல்லாலேயே 'ஏக்கா' எனப்படும்; 'எப்படி' என்பது அதன் பொருள். இழப்புற்றவர் வாயில் முதலில் எழும் சொல்லும் பெரும்பாலும் அதுவே.

தமிழ்ப் பெயர் இன்னும் ஆழமானது. தொல்காப்பிய உரியியல் 'புலம்பு' என்னும் உரிச்சொல்லுக்குத் தனிமை எனப் பொருள் கூறுகிறது. வாய்விட்டு அரற்றுதல் என்னும் இன்றைய பொருளுக்கு அடியில் தனித்து நிற்றல் என்னும் பழம்பொருள் இருக்கிறது. எபிரேய நூலின் முதல் வசனமும், மக்கள் நிறைந்திருந்த நகரம் கைம்பெண்ணைப் போலத் தனித்து அமர்ந்திருக்கும் காட்சியோடுதான் தொடங்குகிறது. தேற்றுவார் இல்லை என்னும் முறையீடு முதல் அதிகாரத்தில் மட்டும் ஐந்து இடங்களில் வருகிறது. எபிரேயப் பாடலின் உள்ளடக்கமும் தமிழ்ச் சொல்லின் பழம்பொருளும் இத்துணை நெருங்கி வந்தது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் இதனினும் பொருத்தமான பெயர் அமைந்திருக்க இயலாது.

இந்நூலின் யாப்பும் கருதத்தக்கது. முதல் நான்கு பாடல்களும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை வரிசையாகத் தொடக்கமாகக் கொண்டவை. 1, 2, 4ஆம் அதிகாரங்கள் 22 வசனங்கள் உடையன. 3ஆம் அதிகாரம் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள் கொண்டது. 5ஆம் அதிகாரம் 22 வசனங்கள் பெற்றிருந்தும் எழுத்து வரிசையைக் கைவிட்டுவிடுகிறது. கட்டுக்கடங்காத துயருக்கு ஒரு வடிவம் தரப்படுகிறது. இறுதியில் அவ்வடிவமும் தளர்கிறது. நூல் ஆறுதலில் முடியவில்லை, கடவுள் தம்மை முற்றிலும் தள்ளிவிட்டாரோ என்னும் ஐயத்தில் முடிகிறது. 88ஆம் சங்கீதமும் இத்தகையதே: ஏனைய புலம்பற் சங்கீதங்கள் பல துதியை நோக்கித் திரும்ப, இது இருளைச் சொல்லி நின்றுவிடுகிறது. திருமறையைத் தொகுத்தோர் இவற்றை நீக்கவில்லை என்பது, முடிவு காணாத துயருக்கும் வழிபாட்டில் இடமுண்டு என்பதற்குப் போதிய சான்று.

தமிழ் மரபில் இவ்விடம் முன்னரே இருந்தது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகையை ஒன்றாக வைத்து, அதற்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் இழவையும் ஒன்றாக எண்ணினார். காஞ்சித்திணைத் துறைகளுள் மனைவியை இழந்தவனின் நிலை தபுதாரநிலை. கணவனை இழந்தவளின் நோன்பு தாபதநிலை. பாலைவழியில் கணவனை இழந்து தனித்து நின்றவளின் துயர் முதுபாலை. தலைவனை இழந்தோர் செயலற்று இரங்குவது கையறுநிலை. இழந்தவர் யார், இழக்கப்பட்டவர் யார், எவ்விடத்து என்பனவற்றால் துயரும் வேறுபடும் என்னும் நுண்ணுணர்வு இப்பகுப்பில் உள்ளது. எல்லாத் துக்க வீட்டிலும் ஒரே வேதபாடத்தை வாசித்து வரும் வழக்கத்திற்கு இவ்வுணர்வு பெரிதும் வேண்டப்படுவது.

தேம்பாவணியில் ஒரு புலம்பல்

கிறித்தவ நம்பிக்கையும் தமிழ்க் கையறுநிலையும் ஒன்றோடொன்று முரணுவன அல்ல என்பதற்குத் தேம்பாவணி நல்ல சான்று. வீரமாமுனிவர் (1680–1747) இயற்றிய இக்காப்பியம் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. திருமுழுக்கு யோவான் இதில் கருணையன் என்னும் பெயரோடு வருகிறார். கானகத்தில் தாய் எலிசபெத்தை இழந்து கருணையன் தனித்துப் புலம்பும் பகுதி, பள்ளிப் பாடநூல் வழியாகத் தமிழக மாணவர் பலர்க்கும் அறிமுகமானது.

இவர் விவிலியத்தின் பெரும் இறைவாக்கினர், துறவுக்கு இலக்கணமானவர். அத்தகையவரை வீரமாமுனிவர் அழவைக்கிறார், தயக்கமின்றி. தாயின் உடலை மலர்ப்படுக்கையில் அடக்கி, அதன்மேல் மலரோடு கண்ணீரையும் பொழிகிறார் கருணையன். தாயின் வாய்மொழியை மழையாகக் கொண்டு வாழ்ந்தவர், துளி இன்மையால் மணி பிடிக்குமுன் காய்ந்துபோன இளம்பயிராகத் தம்மை உணர்கிறார். கொம்பிலிருந்து கொய்த மலர், நச்சு அம்பு பட்ட புண், துணை பிரிந்த பறவை, வழுக்கும் சரிவில் வழியின்றித் தவிப்பவர் என உவமைகள் அடுக்கி வருகின்றன. உயிர்வாழும் முறை அறியேன், காட்டில் செல்லும் வழி அறியேன், தாய் கையால் செய்து தந்ததை மட்டுமே அறிவேன் என்று அவர் கூறுமிடம் குறிப்பிடத்தக்கது. இறந்தவரோடு சேர்ந்து இழந்தவரின் அன்றாடத் திறன்களும் போய்விடுகின்றன என்பதை இத்துணை எளிமையாகக் கூறும் இடங்கள் தமிழில் அரியன. வீட்டுக் கணக்கைக் கணவரே பார்த்துவந்த பெண், சமையல் அறியாத முதியவர் ஆகியோரின் துயரில் பாதி இதுவே.

இப்புலம்பலுக்குக் காடு செய்யும் எதிர்வினை என்ன? மலர்ந்த மரங்கள்தோறும் சுனைகள்தோறும் எழும் ஒலி, கானமே உடன் அழுவது போன்றிருந்தது என்கிறார் புலவர். காடு விளக்கம் எதுவும் தரவில்லை. 'அன்னை அழுங்கல் அந்தாதி' என்று மரியாளின் துயரைத் தனிச் சிற்றிலக்கியமாகவே பாடியவர் இவர். ஈழத்தில் பணியாற்றிய கோவைக் குருவான யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742) எழுதிய வியாகுலப் பிரசங்கமும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. தவக்காலத்தில் ஈழத்துக் கத்தோலிக்க ஊர்களில் அது உருக்கமான இசையோடு வாசிக்கப்பட்டு வந்துள்ளது. (இங்குக் 'கோவை' என்பது கோவாவைக் குறிக்கும், கொங்கு நாட்டுக் கோவை அன்று.) வீட்டில் அழ இயலாத பெண்கள் சிலுவையடியில் நின்ற தாயை முன்னிட்டுத் தம் இழப்பையும் அழுது தீர்க்க அவ்வாசிப்பு இடம் தந்திருக்கும் என்று கருதலாம். பல சபைகள் ஒப்பாரியைப் புறச்சமய வழக்கென்று விலக்கியபோது, அதன் இடத்தில் வேறொன்றை வைக்கவில்லை என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேற்றுதலும் துணையிருத்தலும்

யோவான் நற்செய்தியில் இயேசு வாக்களிக்கும் தூய ஆவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'பராக்லேத்தோஸ்'. அருகில் இருக்குமாறு அழைக்கப்பட்டவர் என்பது அதன் நேர்ப்பொருள். புராட்டஸ்டண்டு சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு இதனைத் 'தேற்றரவாளன்' என்றது; 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'துணையாளர்' என்றது. ஒன்று அவர் செய்யும் செயலை நோக்கியது. மற்றொன்று அவர் இருக்கும் நிலையை நோக்கியது. இரண்டும் சரியே. ஆனால் முறை உண்டு: துணையிருந்த பின்னரே தேற்றுதல் கைகூடும்.

'தேற்று' என்பது 'தேறு' என்பதன் பிறவினை. தேறுதல் தெளிதல். கலங்கிய நீரைத் தெளிவிக்கும் தேற்றாங்கொட்டையின் பெயரிலும் இவ்வேரே உள்ளது. பிரிவால் மனம் கலங்கிய தலைவி தெளிவுற்றதற்கு, தேற்றாவின் விதையால் தெளிந்த நீரை உவமையாக்குகிறது நெய்தற்கலிப் பாடல் ஒன்று. கொட்டையைக் கலத்தின் உட்புறம் தேய்த்து நீரை அசையாது வைத்துவிடுவதே அம்முறை. உடனே தெளியவில்லையே என்று மீண்டும் மீண்டும் கலக்குபவர்க்கு நீர் ஒருபோதும் தெளிவதில்லை.

இதனை மறந்தவர்களின் கதை யோபு நூலில் உண்டு. யோபுவின் நண்பர் மூவர் அவருடைய பேரிழப்பைக் கேள்வியுற்று வந்து, ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்து, ஒரு சொல்லும் பேசாதிருந்தனர் (2:11–13). யூதர் இன்றும் கடைப்பிடிக்கும் ஏழுநாள் துக்கத்தில், இழந்தவர் பேசத் தொடங்கும் வரை வந்தவர் பேசாதிருக்கும் வழக்கம் இதனோடு இணைத்துக் காணப்படுகிறது. எட்டாம் நாளுக்குப் பின்னரே சிக்கல் தொடங்கியது. யோபு தம் பிறந்த நாளைச் சபித்தார், நண்பர்கள் பொறுக்கவில்லை. துன்பத்திற்குக் காரணம் கற்பித்தனர், மறைந்த பாவத்தைத் தேடினர், கடவுளின் நீதியை நிறுவ முயன்றனர். நூலின் முடிவில் கடவுள் கடிந்துகொள்வது முறையிட்ட யோபுவை நோக்கி நண்பர் சார்பாக அன்று. தமக்காக வாதாடிய அந்நண்பர்களையே (42:7).

யோவான் 11ஆம் அதிகாரத்தின் பெத்தானியா நிகழ்ச்சி இதற்கு மறுபக்கம். இலாசர் கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாளாயிற்று. சகோதரியர் மார்த்தா, மரியா இருவரும் தனித்தனியே வந்து இயேசுவிடம் சொல்வது ஒரே தொடர்: நீர் இங்கு இருந்திருந்தால் அவன் இறந்திருக்கமாட்டான் என்பது. அது நம்பிக்கையும் குறைகூறலும் கலந்த சொல். அவர் இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. மார்த்தா உரையாட நின்றாள். அவளோடு உயிர்த்தெழுதலைப் பற்றி உரையாடினார். மரியா காலில் விழுந்து அழுதாள். அவளுக்கு உரை ஏதும் இல்லை, அவரும் அழுதார். சற்று நேரத்தில் இலாசரை எழுப்பப் போவதாக அறிந்திருந்தவர் அழுதார் என்பதையே யோவான் காட்டுகிறார். உயிர்த்தெழுதலில் உறுதியுடையோர் அழலாகாது என்னும் வாதம் இவ்விடத்தில் நிற்க இயலாது. ஒரே இழப்பு, ஒரே முறையீடு, இருவேறு மறுமொழிகள் என்பதும் பணியாளர் கற்கத்தக்கது.

உளவியல் ஆய்வுகள் கூறுவன

1942இல் பாஸ்டன் நகரின் கோக்கனட் குரோவ் கேளிக்கை விடுதித் தீயில் 492 பேர் மாண்டனர். அதில் உற்றாரை இழந்தோரையும் உள்ளிட்டு எரிக் லிண்டமன் 1944இல் வெளியிட்ட கட்டுரை, துயரை மருத்துவ நோக்கில் முறையாக விவரித்த தொடக்க முயற்சிகளுள் ஒன்று. எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் கூறிய ஐந்து நிலைகள் (மறுப்பு, சினம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) தமிழ் வழிகாட்டி நூல்களிலும் மிகுதியாக எடுத்தாளப்படுகின்றன. அவர் அவற்றை முதலில் கண்டது தாமே இறக்கும் நிலையிலிருந்த நோயாளிகளிடம், இழந்தோரிடம் அன்று. அவற்றைப் படிக்கட்டாகக் கொண்டு, இழந்தவர் இன்னும் 'ஏற்பு' நிலைக்கு வரவில்லை என்று அளப்பது முறையன்று. மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த இருவழி மாதிரி நடைமுறைக்கு நெருக்கமானது: இழப்பை நோக்கிய மனம் ஒருபோது, வாழ்வை மீளமைக்கும் மனம் ஒருபோது என இழந்தவர் இரண்டுக்கும் இடையே ஊசலாடுவது இயல்பே என்கிறது அது. காலையில் ரேசன் கடைக்குச் சென்று வந்தவர் மாலையில் கதறி அழுவதில் முரண் இல்லை.

இறந்தவரோடுள்ள உறவை அறுத்துக்கொள்வதே நலம் என்னும் பழைய கருத்தையும், டென்னிஸ் கிளாஸ் முதலியோர் 1996இல் தொகுத்த 'தொடரும் பிணைப்புகள்' என்னும் பொருளிலான நூல் மறுத்தது. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் கல்லறையைக் கழுவி வெள்ளையடித்து, மெழுகுதிரி ஏற்றிப் பூ வைத்துவரும் குடும்பங்களுக்கு இது புதிய செய்தி அன்று.

கிறித்தவப் பராமரிப்பும் மருத்துவமும் ஒன்றிய முயற்சிக்குச் சிசிலி சாண்டர்ஸ் சான்றாவார். அவர் 1967இல் இலண்டனில் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம் இக்காலத் தணிப்புப் பராமரிப்பின் ஊற்றாகக் கருதப்படுகிறது. இறந்தோரின் குடும்பத்தைத் தொடர்ந்து தாங்கும் பணியும் அங்குச் சேர்ந்தே வளர்ந்தது. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு சீடர்களிடம் தம்மோடு விழித்திருக்குமாறு மட்டுமே கேட்டதை அவர் தம் பணியின் அடிப்படையாகக் கொண்டார். புரிந்துகொள்ள முடியாதபோதும் உடனிருக்க முடியும் என்பதே அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

துக்க வீட்டில்

மேற்கண்டவற்றை நடைமுறைப்படுத்துவது கடினமன்று. பழக்கத்தை மாற்றுவதே கடினம். முதல் சந்திப்பில் வேதபாடம் குறுகியதாக இருக்கலாம், புலம்பற் சங்கீதம் ஒன்றாகவும் இருக்கலாம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுவது துயரைக் கிளறும் என்று பலர் அஞ்சுவர். பெயரே பேசப்படாத வீட்டில்தான் இழந்தவர் மேலும் தனித்துப்போகிறார். எப்படி நடந்தது என்பதை அவர் பத்தாம் முறை சொல்லினும் கேட்பது பணியின் பகுதி. 'ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள்' என்பதைவிட, ஓய்வூதிய விண்ணப்பம், வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு உடன் செல்ல ஒருவரை அமர்த்துவது பயனுடையது.

வருகை எப்போது தேவை என்பதில் சபைகள் பெரும்பாலும் தவறுகின்றன. அடக்கத்தன்று வீடு நிறைந்திருக்கும். 30ஆம் நாள் திருப்பலியோ நினைவு ஆராதனையோ முடிந்தபின் வருகை நின்றுவிடும். துயர் அதன்பின்னரே கனக்கும். முதல் கிறிஸ்துமஸ், இறந்தவரின் பிறந்த நாள், முதலாம் ஆண்டு ஆகிய நாள்களைச் சபைக் குறிப்பேட்டில் பதிந்து வைத்து, அந்நாளில் ஒருவர் சென்று வருவது எளிய ஏற்பாடு.

செல்பவர் யார் என்பதும் உண்டு. தமிழ்க் கிறித்தவர் இப்பணிக்கு வழங்கும் 'ஆற்றுப்படுத்துதல்' என்னும் சொல் ஆற்றுப்படையை நினைவூட்டுவது. அவ்விலக்கியத்தில் வழிகாட்டும் பாணன் அவ்வழியே தானும் நடந்து வந்தவன். தாம் பெற்ற ஆறுதலாலேயே பிறரைத் தேற்றுவது குறித்துப் பவுலும் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 1:4). முன்னரே கணவனை இழந்த பெண்ணொருவர், ஆயருக்கு முன்பாக அவ்வீட்டில் சென்று அமர்வது தகும்.

உடனிருத்தலால் தீராத துயரும் உண்டு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11, 6 மாதங்களுக்கு மேலாகவும் பண்பாட்டு நெறிக்கு மிஞ்சியும் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்கும் துயரை 'நீடித்த துயர்க் கோளாறு' என்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட திருத்தப் பதிப்பு, வயதுவந்தோர்க்கு 12 மாதங்கள் என வரையறுத்தது. உண்ணாமை, உறங்காமை, தானும் இறக்க வேண்டும் என்னும் பேச்சு ஆகியன தோன்றின், இம்மாதக் கணக்கை எண்ணிக்கொண்டிராமல் உளமருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். செபம் போதும் என்று தடுப்பது பராமரிப்பு ஆகாது.

கேட்கப்படாத துக்கங்கள்

துக்கம் விசாரிக்க எவரும் வராத இழப்புகள் சில உண்டு. கருச்சிதைவில் போன குழந்தைக்குப் பெயரில்லை, அடக்கமில்லை, ஆண்டு நினைவும் இல்லை. தற்கொலையில் இறந்தவரின் வீட்டிற்கு வருவோர் தயங்கி வருவர். வந்தும் காரணத்தையே கேட்பர். 'துட்டி கேட்டல்' புலன்விசாரணையாகிவிடும் இடம் இது. சபையும் இதில் நெடுங்காலம் கடுமை காட்டியது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, மனமறிந்து தற்கொலை செய்துகொண்டோரைத் திருச்சபை அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலில் வைத்திருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் பட்டியலில் அவர்கள் இல்லை. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், கடும் உளத்துன்பமும் அச்சமும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்பதை ஏற்று, அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் கூறுகிறது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 115ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளப்பட வேண்டும் என்று விதித்தது.

சட்டங்கள் மாறிய செய்தி ஊர்க் கல்லறைத் தோட்டம் வரை எப்போதும் வந்து சேர்வதில்லை. கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், மணி அடிக்காமல், மாலைக்குள் அடக்கம் செய்துவிடுமாறு குடும்பத்தாரே கேட்டுக்கொள்ளும் நிலை இன்றும் உண்டு. அவ்வேளையில் ஆயர் மணியை அடிக்கச் சொல்லி, இறந்தவரின் பெயரை வழிபாட்டில் உரக்க வாசித்து, மறுநாள் அவ்வீட்டிற்குச் சென்று காரணம் எதுவும் கேளாமல் அமர்ந்திருப்பாரானால், அடுத்து வருவோர்க்கும் அவ்வீட்டில் எப்படி அமர வேண்டும் என்பது தெரிந்துவிடும்.